இடச்சிக்கனம்: கணினி விளையாட்டுச் சேமிப்பின் வரலாறு

பழைய விளையாட்டுகளை ஓட்டும் சிறு கணினிகளில் முதலில் தீர்ந்துபோவது சேமிப்பிடம். ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கையளவுப் பலகையில் ஒரு மெமரி கார்டைச் செருகி ரெட்ரோபை போன்ற மென்பொருளை ஏற்றினால், 1970கள் முதல் 1990கள் வரை வந்த பல விளையாட்டுக் கருவிகளின் வேலையை அந்த ஒரே பலகை செய்துவிடும். சில்லை உள்ளடக்கிய செருகுபெட்டியான கேட்ரிட்ஜில் வந்த பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் சில கிலோபைட் முதல் சில நூறு கிலோபைட் வரையே கொண்டவை. ஆயிரக்கணக்கில் சேர்த்தாலும் கார்டு நிறையாது. சிடி காலத்து விளையாட்டுகள் சேரத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மெகாபைட் கேட்கிறது. அட்டைப்படங்களும் முன்னோட்ட வீடியோக்களும் கூடவே சேர்ந்து மீதி இடத்தையும் எடுத்துக்கொள்கின்றன. கார்டு முழுதும் நிறைந்துவிட்டால் புதிய விளையாட்டு ஏறாது; ஆட்டத்தை எங்கே நிறுத்தினோம் என்பதைக் குறித்துவைக்கும் சேவ் கோப்பையும் எழுத முடியாது.

இதற்கு இன்று கையாளப்படும் வழிகள் நான்கு: ஒரே பொருளை இரண்டு முறை வைக்காதிருத்தல், சுருக்கி எழுதுதல், வேறு ஊடகத்துக்கு மாற்றுதல், வேண்டாததை அழித்தல். நான்கையும் இந்த விளையாட்டுகளின் வரலாற்றிலேயே காணலாம். இந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்குப் பார்த்தவர்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. உருவாக்குபவர் இடம் போதாதபோது காட்சியை வெட்டலாம், இசையைக் குறைக்கலாம், கதையைச் சுருக்கலாம். முடிந்துபோன ஆக்கத்தைப் பாதுகாப்பவருக்கு அந்த உரிமை இல்லை. எதையும் இழக்காமல் இடத்தை மிச்சப்படுத்தும் கலையை அவர் கற்றாக வேண்டும். வெட்டிச் சுருக்குவதிலிருந்து இழக்காமல் சுருக்குவதற்கு வந்துசேர்ந்த பாதைதான் இந்த வரலாறு.

நான்கு கிலோபைட் உலகம்

1977-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அட்டாரி விசிஎஸ் என்ற விளையாட்டுக் கருவி பின்னர் அட்டாரி 2600 என்று பெயர் பெற்றது. அதன் வேலை நினைவகம் 128 பைட். இன்றைய குறியீட்டு முறையில் இந்த ஒரு வாக்கியத்தைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும். கருவியின் மையச் செயலியான 6507-க்கு 13 முகவரிக் கம்பிகள் மட்டுமே இருந்தன. அதனால் அது காணக்கூடிய மொத்த முகவரிகள் 8,192. அதில் பாதி கேட்ரிட்ஜுக்கு ஒதுக்கப்பட்டதால் ஒரு விளையாட்டு 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. கருவியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட ‘காம்பாட்’ 2 கிலோபைட்டிலேயே முடிந்துவிட்டது. நினைவகச் சில்லுகள் விலை மிகுந்த காலம் அது. கேட்ரிட்ஜில் கூடும் ஒவ்வொரு கிலோபைட்டும் தயாரிப்புச் செலவைக் கூட்டியது.

இந்தச் சிக்கனம் கருவியின் அமைப்பிலேயே பதிந்திருந்தது. திரையின் பின்னணியை வரையும் சில்லு, இடது பாதிக்கு மட்டும் 20 பிட் தகவலை வாங்கிக்கொள்ளும். வலது பாதியில் அதையே அப்படியே படியெடுக்கும், அல்லது கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடும். அக்காலத்து அட்டாரி விளையாட்டுகளின் கோட்டைகளும் சுவர்களும் இருபுறமும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இதுவே.

நிரலர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1982-இல் வெளிவந்த ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ விளையாட்டில் திரையின் நடுவே பல நிறத்தில் மின்னும் ஒரு பட்டை உண்டு. அதற்கென்று தனிப் படம் எதுவும் கேட்ரிட்ஜில் இல்லை. விளையாட்டை உருவாக்கிய ஹோவர்டு ஸ்காட் வார்ஷா, நிரலின் சொந்தப் பைட்டுகளையே எடுத்துப் புள்ளிகளாகத் திரையில் காட்டினார். அதே பைட்டுகள் ஒருபுறம் கட்டளையாகவும் மறுபுறம் படமாகவும் பயன்பட்டன.

4 கிலோபைட் எல்லையைத் தாண்ட உதவியது ‘பேங்க் ஸ்விட்சிங்’. கேட்ரிட்ஜுக்குள் பெரிய சில்லை வைத்து, ஒரு நேரத்தில் அதன் ஒரு பகுதியை மட்டும் செயலிக்குக் காட்டும் முறை இது. 1981-இல் வந்த ‘ஆஸ்டராய்ட்ஸ்’ கேட்ரிட்ஜ் இம்முறையால் 8 கிலோபைட்டைப் பயன்படுத்தியது.

மேகமும் புதரும்

ஜப்பானில் 1983-இல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவி, திரையை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளாகப் பிரித்து வரையும். ஓர் ஓடு 16 பைட் எடுக்கும். 1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ மொத்தம் 40 கிலோபைட்: நிரலுக்கும் மேடைகளுக்கும் 32, படங்களுக்கு 8. அந்த 8 கிலோபைட்டில் அடங்குபவை 512 ஓடுகள். ஓடும் மாரியோவின் அசைவுகள், பகைவர்கள், செங்கல், குழாய், எழுத்து, எண் எல்லாம் அதற்குள் வர வேண்டும்.

அதனால் ஒரே வடிவம் பல வேடம் போட்டது. வானத்தில் மிதக்கும் வெள்ளை மேகமும் தரையில் நிற்கும் பச்சைப் புதரும் ஒரே ஓடுகள்தான். நிறப்பட்டியல் மட்டும் வேறு. மேடைகளும் திரும்பப் பயன்பட்டன. முதல் உலகின் மூன்றாம் மேடையே ஐந்தாம் உலகின் மூன்றாம் மேடையாகவும், முதல் உலகின் கோட்டையே ஆறாம் உலகின் கோட்டையாகவும் கடினம் கூட்டப்பட்டு வந்தன. விளையாடியவர்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பழகிய பாதை புதிய ஆபத்துகளோடு திரும்பி வந்தது சவாலாகவே இருந்தது.

1986-இல் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ கதை சொல்லும் விளையாட்டு. அதற்கு எழுத்துகளே பெருஞ்செலவு. ஹிரகானா, கத்தகானா என்ற இரு எழுத்து வரிசைகளையும் முழுதாகச் சேர்க்க 64 கிலோபைட்டில் இடமில்லை. கதையை எழுதிய யூஜி ஹோரி கத்தகானாவில் 20 எழுத்துகளை மட்டும் தேர்ந்துகொண்டு, மந்திரங்களுக்கும் பூதங்களுக்கும் அந்த எழுத்துகளில் அடங்கும் பெயர்களையே வைத்தார்.

திரும்பப் பயன்படுத்தும் இந்த உத்தி வணிகத் தந்திரமாகவும் மாறியது. 1990களில் தமிழ்நாட்டுக் கடைகளில் விற்ற ஃபேமிகாம் நகல் கருவிகளோடு ‘9999999 இன் 1’ என்று அச்சிட்ட கேட்ரிட்ஜுகள் வந்தன. உள்ளே இருந்தவை சில விளையாட்டுகள்தான். அவையே வெவ்வேறு பெயரில், வெவ்வேறு மேடையிலிருந்து தொடங்குமாறு பட்டியலில் மீண்டும் மீண்டும் வந்தன.

சூத்திரத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலம்

படங்களையும் மேடைகளையும் சேமித்து வைக்காமல், தேவைப்படும்போது கணக்குப் போட்டு உருவாக்கிக்கொள்வது இன்னொரு வழி. இதன் சிறந்த சான்று, இங்கிலாந்தில் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதி 1984-இல் வெளிவந்த ‘எலைட்’. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினியில், கோளுக்குக் கோள் சென்று வணிகம் செய்யும் விண்வெளி விளையாட்டு அது. மண்டலங்கள் 8, ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், மொத்தம் 2,048 கோள்கள். ஒவ்வொரு கோளுக்கும் பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம், மக்கள்தொகை, வருணனை எல்லாம் உண்டு.

இவற்றில் எதுவும் பட்டியலாகச் சேமிக்கப்படவில்லை. தொடக்கத்தில் ஆறு பைட் அளவுள்ள எண்கள் தரப்படும். ஃபிபோனாச்சி வரிசையைப் போல முந்தைய எண்களைக் கூட்டிக்கூட்டி அடுத்த எண்களை உண்டாக்கினால், சில கூட்டல்களுக்கு ஒருமுறை ஒரு கோள் பிறக்கும். எண்ணின் சில பிட்டுகள் ஆட்சிமுறையாகும். வேறு சில, ஈரெழுத்துத் துண்டுகளை அடுக்கிப் பெயரை உண்டாக்கும். கணக்கு மாறாததால் ஒவ்வொரு முறையும் அதே கோள் அதே இடத்தில் இருக்கும். இம்முறையால் எண்ணிலடங்கா மண்டலங்களை உண்டாக்கியிருக்கலாம். செயற்கைத்தனம் வெளிப்பட்டுவிடும் என்று எண்ணி எட்டோடு நிறுத்திக்கொள்ளுமாறு வெளியீட்டாளர் கேட்டுக்கொண்டார்.

வெட்டிய ஃபிளாப்பி

வீட்டுக் கணினிகளில் கேட்ரிட்ஜைவிட மலிவான ஊடகங்கள் புழங்கின. 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், சாதாரணப் பாட்டுக் கேசட்டில் விளையாட்டைச் சேமித்தது. அதே ஆண்டு வந்த கமடோர் 64-க்குக் கேசட்டும் உண்டு, 1541 என்ற ஃபிளாப்பி இயக்கியும் உண்டு. 5.25 அங்குல ஃபிளாப்பி ஒன்றின் ஒரு பக்கத்தில் சுமார் 170 கிலோபைட் கொள்ளும். புதிய ஃபிளாப்பியைத் தயார்செய்தால் ‘664 பிளாக் காலி’ என்று திரை சொல்லும். பயனர்கள் இடத்தை எண்ணியது இந்தப் பிளாக் கணக்கில்தான்.

1541-க்கு வாசிக்கும் தலை ஒன்றே இருந்ததால் ஃபிளாப்பியின் மறுபக்கம் வீணானது. எழுதலாம் என்பதை இயக்கிக்கு அறிவிப்பது உறையின் ஓரத்திலுள்ள சிறு வெட்டு. எதிர் ஓரத்திலும் அதேபோல ஒரு வெட்டுப் போட்டுத் திருப்பிச் செருகினால் இன்னொரு 170 கிலோபைட் கிடைத்துவிடும். இதற்கென்றே துளையிடும் சிறு கருவிகள் விற்கப்பட்டன.

கோப்பை அழிப்பதன் இயல்பையும் அந்தத் தலைமுறை இங்கேதான் கற்றது. 1541-இல் ‘ஸ்க்ராட்ச்’ கட்டளை கொடுத்தால் கோப்பின் உள்ளடக்கம் உடனே அழியாது. 18-ஆம் தடத்திலுள்ள அட்டவணையில் அந்தப் பிளாக்குகள் காலி என்று குறிக்கப்படும். வேறொரு கோப்பு மேலே எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். சரியாக மூடப்படாத கோப்புகளால் கணக்குக் குழம்பினால் ‘வேலிடேட்’ கட்டளை எல்லாக் கோப்புகளையும் மீண்டும் எண்ணி அட்டவணையைச் சரிசெய்யும். அட்டவணையைத் திருத்தி இடத்தை விடுவிக்கும் இந்த முறையே இன்றைய மெமரி கார்டுகளின் கோப்பமைப்பிலும் தொடர்கிறது. தவறுதலாக அழித்த கோப்பைச் சில வேளை மீட்க முடிவதற்கும் காரணம் அதுதான்.

அழித்து எழுதித் தந்த கடைகள்

ஜப்பானில் 1986 பிப்ரவரியில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம், இடத்தை விடுவிப்பதையே ஒரு வணிகமாக ஆக்கியது. அதன் வட்டு இரு பக்கமும் சேர்த்து 112 கிலோபைட் கொள்ளும். அப்போதைய கேட்ரிட்ஜ் பலவற்றைவிட அதிகம். பொம்மைக் கடைகளில் டிஸ்க் ரைட்டர் என்ற இயந்திரங்கள் நிறுத்தப்பட்டன. ஆடி அலுத்த விளையாட்டின் வட்டைக் கொடுத்து, பட்டியலில் வேறொன்றைத் தேர்ந்து, 500 யென் செலுத்தினால், பழையதை அழித்துப் புதியதை அதே வட்டில் எழுதித் தருவார்கள். புதுக் கேட்ரிட்ஜ் வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவு.

இந்த ஏற்பாடு நெடுநாள் முன்னணியில் நிற்கவில்லை. பேங்க் ஸ்விட்சிங்கால் கேட்ரிட்ஜுகள் 128 கிலோபைட்டையும் தாண்டி வளர்ந்தன. ஆட்டத்தைச் சேமிக்கும் மின்கலமும் கேட்ரிட்ஜுக்குள்ளேயே வந்துவிட்டது. ஜப்பானில் வட்டில் வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ 1987-இல் அமெரிக்காவுக்கு மின்கலக் கேட்ரிட்ஜாகவே சென்றது. எழுதித் தரும் சேவை மட்டும் 2003 வரை நீடித்தது. அழித்து எழுதும் வழக்கத்தின் விலையைப் பின்னர் பாதுகாப்பாளர்கள் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வட்டில் கடைசியாக எழுதப்பட்டது மட்டுமே மிஞ்சியதால், சில விளையாட்டுகளின் முழுமையான பிரதியைத் தேடுவது கடினமாகிவிட்டது.

சுருக்கும் கணிதம்

இழப்பில்லாமல் சுருக்குவதற்கான கணிதம் விளையாட்டுகளுக்கு வெளியே பிறந்தது. 1952-இல் டேவிட் ஹஃப்மன், அடிக்கடி வரும் குறிகளுக்குக் குட்டையான குறியீடும் அரிதானவற்றுக்கு நீளமான குறியீடும் தரும் முறையை வெளியிட்டார். 1977-இல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் இருவரும், முன்பே வந்துவிட்ட பகுதி மீண்டும் வரும்போது அதை எழுதாமல் ‘இத்தனை இடம் பின்னால் சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று சுட்டும் முறையைத் தந்தார்கள். இரண்டையும் இணைத்தவையே பின்னாளில் வீட்டுக் கணினிகளில் பரவிய சுருக்கு மென்பொருள்கள். 1988-இல் ஜப்பானின் ஹருயாசு யோஷிசாகி எழுதிய எல்ஹார்க்கிலிருந்து எல்எச்ஏ வடிவம் வளர்ந்தது. 1989-இல் அமெரிக்காவின் ஃபில் காட்ஸ் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்தார்.

இவற்றின் தேவையை மிக அதிகமாக உணர்ந்தவர்கள் அமிகா கணினிப் பயனர்கள். 1987-இல் வந்த அமிகா 500-க்கு ஊடகம் 3.5 அங்குல ஃபிளாப்பி. அதே ஃபிளாப்பியில் ஐபிஎம் வகைக் கணினிகள் 720 கிலோபைட் எழுதியபோது அமிகா 880 கிலோபைட் எழுதியது. மற்றவை ஒரு தடத்தில் 9 துண்டுகளை இடைவெளி விட்டு எழுதின. அமிகா முழுத் தடத்தையும் ஒரே மூச்சில் எழுதி, 11 துண்டுகளை அடைத்தது. அப்படியும் போதவில்லை. ‘மங்கி ஐலண்ட் 2’ அமிகாவில் 11 ஃபிளாப்பிகளாகவும், 1994-இல் வந்த ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ 15 ஃபிளாப்பிகளாகவும் வந்தன. ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போகும்போதுகூட அடிக்கடி ஃபிளாப்பி மாற்ற வேண்டியிருந்தது. பவர்பேக்கர் போன்ற மென்பொருள்கள் நிரலைச் சுருக்கிவைத்து, ஓடத் தொடங்கும்போது நினைவகத்திலேயே விரித்துக்கொள்ளச் செய்தன.

ஐபிஎம் வகைக் கணினிகளில் முழு ஹார்ட் டிஸ்கையும் சுருக்கும் வழக்கம் வந்தது. 1990-இல் ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் ‘ஸ்டாக்கர்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. எழுதும்போது சுருக்கி, படிக்கும்போது விரித்து, டிஸ்கின் கொள்ளளவை ஏறக்குறைய இரு மடங்காக்கித் தந்தது அது. மைக்ரோசாஃப்ட் 1993-இல் எம்எஸ்-டாஸ் 6-உடன் இதே வகை வசதியைத் தந்தபோது காப்புரிமை வழக்கு எழுந்தது. 1994-இல் நடுவர் குழு ஸ்டாக் நிறுவனத்துக்கு 12 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. சில மெகாபைட் இடத்துக்கு அன்று இருந்த மதிப்பை இந்தத் தொகை காட்டுகிறது.

சிடி தந்த தாராளம்

1988-இல் ஜப்பானின் பிசி எஞ்சின் கருவிக்கு சிடி இயக்கி வந்தது. 1994-இல் சோனியின் பிளேஸ்டேஷன் வந்தது. ஒரு வட்டில் சுமார் 650 மெகாபைட். செலவும் கேட்ரிட்ஜைவிட மிகக் குறைவு. இசைக் கலைஞர்களின் முழுப் பதிவுகள், நடிகர்களின் குரல், திரைப்படம் போன்ற இடைக்காட்சிகள் எல்லாம் விளையாட்டுக்குள் வந்தன. இடத்தை நிரப்புவதே சிக்கலாகிவிட்ட விளையாட்டுகளும் உண்டு. வட்டின் எந்தப் பகுதியில் தரவு அமைந்தால் வேகமாகப் படிக்கலாம் என்று பார்த்து, நடுவே வெற்றுக் கோப்புகளைத் திணித்தவர்களும் இருந்தனர்.

நின்டெண்டோ 64 மட்டும் கேட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டது. ‘சூப்பர் மாரியோ 64’ 8 மெகாபைட். மிகப் பெரிய கேட்ரிட்ஜே 64 மெகாபைட்தான். பிளேஸ்டேஷனில் இரண்டு வட்டுகளாக வெளிவந்த ‘ரெசிடென்ட் ஈவில் 2’-ஐ 1999-இல் ஏஞ்சல் ஸ்டூடியோஸ் குழு ஒரே 64 மெகாபைட் கேட்ரிட்ஜுக்குள் கொண்டுவந்தது. இரு வட்டுகளிலும் பொதுவாக இருந்தவை ஒருமுறை மட்டும் சேமிக்கப்பட்டன. ஒலி சுருங்கியது. வீடியோக் காட்சிகள் தரம் குறைக்கப்பட்டு, படச்சட்டங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு உள்ளே வந்தன. வெட்டிச் சுருக்கும் கலையின் உச்சம் இது. அப்படி வெட்டும் உரிமை உருவாக்கும் குழுவுக்கு இருந்ததாலேயே இது முடிந்தது.

சிக்கனத்தைக் கலையாகவே பேணியவர்களும் உண்டு. ஐரோப்பாவின் டெமோசீன் குழுக்கள், 64 கிலோபைட், 4 கிலோபைட் என்று எல்லை வகுத்துக்கொண்டு அதற்குள் ஒலியும் ஒளியும் படைக்கும் போட்டிகளை நடத்துகின்றன. 2004-இல் ஜெர்மானியக் குழு ஒன்று வெளியிட்ட ‘க்ரீகர்’ என்ற முப்பரிமாணச் சுடும் விளையாட்டு 96 கிலோபைட்டுக்குள் அடங்கியது. படங்களும் ஒலிகளும் ‘எலைட்’ வழியில் கணக்காலேயே உருவாயின. 2020-இல் பின்லாந்து டெமோசீனைத் தன் வாழும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பாதுகாப்பாளர்களின் முறை

பழைய கருவிகள் பழுதாகத் தொடங்கிய 1990களில், அவற்றை மென்பொருளாலேயே நடித்துக்காட்டும் எமுலேட்டர்கள் வளர்ந்தன. 1997 பிப்ரவரியில் இத்தாலியின் நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட மேம், நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களைப் பாதுகாக்கும் பெரும் திட்டமானது. இங்கே சுருக்கத்தின் இலக்கணம் மாறியது. சில்லில் இருந்த ஒவ்வொரு பைட்டும் அப்படியே இருக்க வேண்டும். சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

ஆகவே மேம் இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று, சில்லுகளின் பிரதிகளை ஜிப் கோப்பாக வைப்பது. மற்றொன்று, மூலமும் கிளையும் என்று வகுப்பது. நாம்கோ 1980-இல் ஜப்பானில் வெளியிட்ட ‘பக் மேன்’ மேமில் மூலம். அமெரிக்காவில் வந்த ‘பேக்-மேன்’ அதன் கிளை. கிளையின் கோப்பில் வேறுபடும் சில்லுகள் மட்டும் இருந்தால் போதும். ஒத்தவை மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படும். எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ விளையாட்டுகள் யாவும், கருவியைத் தொடக்கும் அடிப்படை நிரலான பயாஸ் கோப்பு ஒன்றையே பகிர்ந்துகொள்கின்றன. மாரியோவின் மேகமும் புதரும் ஓடுகளைப் பகிர்ந்துகொண்ட அதே எண்ணம், இழப்பே இல்லாத வடிவில் இங்கே திரும்பி வருகிறது.

‘கில்லர் இன்ஸ்டிங்க்ட்’ போன்ற ஆர்கேட் இயந்திரங்களுக்குள் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதன் பிரதியை மொத்தமாக ஜிப் செய்தால், ஒரு சிறு பகுதியைப் படிக்கவும் பெரும் பகுதியை விரிக்க வேண்டிவரும். இதற்காக மேம் குழு உருவாக்கியது சிஎச்டி வடிவம். வட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்குவதால், தேவையான துண்டை மட்டும் விரித்துக்கொள்ளலாம். சிடிக்கு இது மிகப் பொருத்தமாக அமைந்தது. சிடியின் ஒரு துண்டில் உள்ள 2,352 பைட்டில் விளையாட்டின் தரவு 2,048 பைட் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி கீறல் விழுந்தால் தரவை மீட்க உதவும் திருத்தக் குறியீடு. தரவு இருந்தால் அதைக் கணக்கிட்டே மீண்டும் உண்டாக்கிவிடலாம். சிஎச்டி அதை நீக்கி வைத்து, கேட்கும்போது திரும்ப உருவாக்கித் தருகிறது. இசைத் தடங்களை ஃப்ளாக் முறையில் இழப்பின்றிச் சுருக்குகிறது.

அமிகா உலகில் 1996 முதல் டபிள்யூஎச்டி லோட் இதே பணியைச் செய்தது. பல அமிகா விளையாட்டுகள் ஃபிளாப்பியிலிருந்து நேராகத் தொடங்கித் தாமே தடங்களைப் படித்ததால், அவற்றை ஹார்ட் டிஸ்கில் வைக்க முடியவில்லை. ஜெர்மனியின் பெர்ட் யான் எழுதிய இந்த மென்பொருள், விளையாட்டு ஃபிளாப்பியைக் கேட்கும் இடத்தில் ஹார்ட் டிஸ்கிலுள்ள கோப்பைக் கொடுத்தது. பதினோரு ஃபிளாப்பிகளை மாற்றி மாற்றிச் செருகிய விளையாட்டு ஒரே எல்எச்ஏ கோப்பாயிற்று.

சிறு கணினிகளின் காலம்

2012 பிப்ரவரி 29-இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை, 35 டாலர் விலையில் இந்த எமுலேட்டர்கள் அனைத்துக்கும் வீடு கொடுத்தது. அதே ஆண்டில் தொடங்கிய ரெட்ரோபை திட்டம் அவற்றை ஒரே முகப்பின் கீழ் கொண்டுவந்தது. நின்டெண்டோ 2016 நவம்பரில் ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்-ஐச் சிறிதாக்கி, 30 விளையாட்டுகளோடு என்இஎஸ் கிளாசிக் கருவியை வெளியிட்டது. அதன் உள்சேமிப்பகம் 512 மெகாபைட். அதிலுள்ள ‘கிர்பீஸ் அட்வென்ச்சர்’ போன்ற பெரிய விளையாட்டே 768 கிலோபைட்தான் என்பதால் அது தாராளமான இடம். 20 சிடி விளையாட்டுகளைக் கொண்ட 2018-இன் பிளேஸ்டேஷன் கிளாசிக்கிற்கு 16 ஜிகாபைட் தேவைப்பட்டது. 2018-இல் கமடோர் 64-இன் சிறு வடிவமும், 2022-இல் அமிகா 500-இன் சிறு வடிவமும் வந்தன. பின்னது யுஎஸ்பி பென் டிரைவிலுள்ள எல்எச்ஏ தொகுப்புகளை நேராகப் படிக்கும்.

இத்தகைய கணினியில் இடத்தை விடுவிக்கும் வேலை, கார்டு முழுதும் பயன்படுகிறதா என்று பார்ப்பதில் தொடங்க வேண்டும். இயங்குதளப் படிமத்தைப் பெரிய கார்டில் எழுதும்போது பழைய படிமங்கள் தம் அளவுக்கு மட்டும் பிரிவை உண்டாக்கின. அமைப்புப் பட்டியலில் பிரிவை விரிவாக்கினால் மறைந்து கிடந்த பல ஜிகாபைட் கிடைக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியவை முன்னோட்ட வீடியோக்கள். 40 கிலோபைட் மாரியோவைக் காட்டும் அரை நிமிட வீடியோ சில மெகாபைட் வரும். நிழல் பொருளைவிட நூறு மடங்கு பெரிது. இவற்றை நீக்கினால் விளையாட்டுக்கு எந்தக் குறையும் நேராது. பயன்படாத எமுலேட்டர்கள், நிறுவலுக்காக இறக்கிய தொகுப்புகள், பழைய பதிவேடுகள் ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை.

மூன்றாவது படி, ஒரே விளையாட்டின் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியப் பதிப்புகளில் ஆடுவதை மட்டும் கார்டில் வைத்து, மற்றவற்றை வேறு டிஸ்குக்கு மாற்றுவது. நான்காவது, சிடி விளையாட்டுகளை சிஎச்டியாக மாற்றுவது. மாற்றிய கோப்பைச் சரிபார்ப்புக் கட்டளையால் சோதித்து, ஆடியும் பார்த்த பிறகே மூலக் கோப்பை நீக்க வேண்டும். இதற்கு மேலும் இடம் போதாவிட்டால் விளையாட்டுக் கோப்புறையை யுஎஸ்பி டிரைவுக்கு மாற்றி, இயங்குதளத்தை மட்டும் கார்டில் விடலாம். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த சேவ் கோப்புகளையும் அங்கே இன்னொரு பிரதி எடுத்துவைப்பது நல்லது.

அழிக்கக் கூடாதவை மூன்று: சேவ் கோப்புகள், பயாஸ் கோப்புகள், ஆர்கேட் தொகுப்பின் மூலக் கோப்புகள். மூலத்தை அழித்தால் அதைச் சார்ந்த கிளைகளும் ஓடாமல் நின்றுவிடும். ஆர்கேட் ஜிப் கோப்புகளின் பெயரை மாற்றுவதும் அவற்றைப் பிரித்துப் போடுவதும் அதே விளைவைத் தரும். இந்த விளையாட்டுகளில் பல இன்னும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. விலைகொடுத்து வாங்கிய சொந்தப் பிரதிகளிலிருந்து தொகுப்பைச் சேர்ப்பதே முறையானது. அந்தக் கேட்ரிட்ஜும் வட்டும் கைவசம் இருக்கும் வரை, கார்டில் அழித்த விளையாட்டை மீண்டும் பிரதியெடுத்துக்கொள்ள முடியும்.